உப்பில்லாத பதினைந்து நாள்

என் வீட்டுக்காரருக்கு வயிற்றில் குன்மம். அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்லுவோம். சாப்பிட்டால் அரை மணி நேரத்தில் நெஞ்சுக்குழிக்குக் கீழே எரியும். சாப்பிடாவிட்டால் அதைவிட எரியும். எரிகிற நேரத்தில் எதிரே யார் இருந்தாலும் திட்டு விழும். எதிரே பெரும்பாலும் இருந்தது நான். கை நீட்டுகிற மனுஷர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தக் குரல் இருக்கிறதே, காமயகவுண்டன்பட்டியில் எங்கள் வீட்டுக் குழம்பு அன்றைக்கு உறைப்பா சப்பா என்பது அடுத்த தெருவுக்குத் தெரிந்துவிடும்.

கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு இருபத்துநாலு வயசு, அவருக்கு முப்பத்துமூன்று. இரண்டு பெண்பிள்ளைகள். கொஞ்சம் நஞ்சை, ஒரு தென்னந்தோப்பு, இரண்டு ஜோடி மாடு. அந்த வயிற்றைத் தவிர வேறு குறை இல்லை. கம்பத்து ஆஸ்பத்திரி டாக்டர் வெள்ளையாக ஒரு பொடி கொடுத்து, மிளகாய், புளி, காப்பி, புகையிலை நாலையும் விடச் சொல்லியிருந்தார். இவர் வீட்டுக்கு வந்து, "அவுக மெட்ராஸ் பக்கம். நம்ம சாப்பாட்டைப் பத்தி அவுகளுக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு, பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டு கூழ் குடித்தார். பொடி அடுப்படி மாடத்தில் கிடந்து கட்டியாகிப் போனது.

அந்த வருஷம் மாசி மாதம் உத்தமபாளையத்து ராவுத்தர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஏலக்காய் வியாபாரி. மாமனார் காலத்துப் பழக்கம். என் வீட்டுக்காரரை மாப்ளே என்பார், நான் அவரை அண்ணே என்பேன். அவருக்கு ஒற்றைத் தலைவலி. வந்தால் வெளிச்சம் படாத மூலையாகப் பார்த்துத்தான் உட்காருவார். அன்றைக்கு நடுவாசலில் வெயிலில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன மச்சான், தலை சரியாப் போச்சா?" என்று இவர் கேட்டார்.

"பாதி போச்சு மாப்ளே. போன வருஷம் சுருளிக்கு மேல பளியங்குடியில ஒரு வைத்தியன்கிட்டப் போனேன். பதினஞ்சு நாள் அங்கனயே தங்கணும்னான். ஒன்பதாம் நாள் ஓடியாந்துட்டேன். அதான் ஒத்தத் தலைவலியில பாதி போயி பாதி நிக்கிது."

"அப்ப இப்பக் கால் தலைவலிதான்னு சொல்லுங்க" என்றேன் நான் உள்ளேயிருந்து.

ராவுத்தர் சிரித்தார். பிறகு விவரம் சொன்னார். அந்த வைத்தியனிடம் நோயாளி தனியாகப் போகக்கூடாது. வீட்டு ஆள் ஒருத்தர் கூடப் போய், நோயாளி தின்கிற பத்தியத்தையே தின்று, குடிக்கிற மருந்தையே குடித்து, பதினைந்து நாளும் கூட இருக்க வேண்டும். போன தடவை அது தெரியாமல் தனியாகப் போனதால்தான் ஒன்பதாம் நாளில் பொறுமை போய்விட்டது. இந்தத் தடவை வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறார். இவரும் வந்தால் துணையாயிருக்கும்.

"அவனுக்கு என்ன கொடுக்கணும்?"

"உப்பு. ஒரு மூட்டை கல்லுப்பு. வேற எதுவும் வாங்க மாட்டாக."

இவருக்கு அது பிடித்துப்போனது. உப்பு மட்டும் கேட்கிறவன் ஏமாற்றுக்காரனாக இருக்க முடியாது என்று முடிவு கட்டினார். என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கும் சுருளிக்கு மேலே போய்ப் பார்க்க வேண்டுமென்று சின்ன வயசிலிருந்து ஆசை இருந்ததால் நானும் ஒன்றும் சொல்லவில்லை. என் தாய்வீடு சுருளிப்பட்டிதான். அருவிக்குக் குளிக்கப் போவோம், அதற்கு மேலே விடமாட்டார்கள்.

இரண்டு வண்டி கட்டிக்கொண்டு போனோம். பிள்ளைகளைச் சுருளிப்பட்டியில் என் ஆத்தாளிடம் விட்டோம். அருவியடியில் வண்டி நின்றுவிட்டது. அங்கிருந்து நடை. உப்பு மூட்டையை என் வீட்டுக்காரர்தான் தலையில் தூக்கினார். கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று ராவுத்தர் சொன்னதற்கு, "வயிறுதான மச்சான் நோவு, தலைக்கு என்ன?" என்று ஏறினார். பாதி தூரத்தில் வேர்வையில் உப்பு கசிந்து கழுத்தெல்லாம் எரிந்தது. எரிச்சலுக்கு யாரைத் திட்டுவது என்று தெரியாமல் மலையைத் திட்டிக்கொண்டே வந்தார்.

ராவுத்தர் வீட்டம்மாவை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். என்னைவிடப் பத்து வயசு மூத்தவள். நல்ல தாட்டியான உடம்பு. பத்தடிக்கு ஒரு தரம் நின்று, மூச்சு வாங்கி, "இந்த மனுஷனுக்குத் தலைவலின்னு என்னைய மலையேத்துறாக பாரு. எனக்குக் கால்வலி வந்தா இவுகளக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்பாள். மதினி என்று கூப்பிட ஆரம்பித்தேன். சாகும்வரை அவள் எனக்கு மதினிதான்.

பளியங்குடி ஒரு பெரிய பாறைச் சரிவுக்குக் கீழே இருந்தது. மலையிலேயே வாழ்கிற பளியர்களின் ஏழெட்டுக் குடிசை. புல் வேய்ந்தது, இடுப்பு உயரம்தான் வாசல். பக்கத்தில் ஓடை. வைத்தியன் குட்டையான ஆள், நாற்பது வயசிருக்கும். அவன் என்று எழுதுகிறேனே என்று நினைக்க வேண்டாம். அவர்கள் பேச்சில் நீங்க, வாங்க என்பதே கிடையாது. எங்களையும் நீ என்றுதான் சொன்னார்கள், அவர்களுக்குள்ளும் பெரியவர் சின்னவர் எல்லாரும் நீதான். என் வீட்டுக்காரருக்கு முதல் நீ விழுந்தபோது மீசை துடித்தது. ராவுத்தர் அவர் கையைப் பிடித்து அழுத்தினார்.

வைத்தியன் இவர் நாடியைப் பிடிக்கவில்லை, நாக்கைப் பார்க்கவில்லை. இவர் உட்கார்ந்த விதத்தைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"உனக்கு என்ன நோவு?"

"எனக்கு ஒண்ணும் இல்லை. நல்லாத்தான் இருக்கேன்."

"சரி. நல்லா இருக்கிறது ஒண்ணு கூட வேணும்" என்றான்.

பிறகு சட்டம் சொன்னான். உப்பு, புளி, மிளகாய், காப்பி, புகையிலை, வெற்றிலை எதுவும் கிடையாது. நோயாளிதான் மருந்துச் செடியைத் தேடி எடுக்க வேண்டும், இடிக்க வேண்டும், காய்ச்ச வேண்டும். கஞ்சியும் அவன்தான் காய்ச்ச வேண்டும். கூட வந்த ஆள் அடுப்பையும் சட்டியையும் விளக்குமாற்றையும் தொடக்கூடாது. தொட்டால் மருந்து பிடிக்காது. கடைசியாக ஒன்று: குடியில் சத்தம் போடக்கூடாது.

நானும் மதினியும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டோம்.

"அப்ப நாங்க என்ன செய்ய?" என்று மதினி கேட்டாள்.

"இரு" என்றான் வைத்தியன்.

மறுநாள் விடியற்காலையில் ஏதோ ஒரு வேரைத் தட்டிக் காய்ச்சிய கஷாயம். அதை மட்டும் அவர்களே காய்ச்சி, நாலு பேருக்கும் கொட்டாங்கச்சியில் கொடுத்தார்கள். கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு. சூரியன் மரத்துக்கு மேலே வருவதற்குள் நாலு பேரும் நாலு திசைக்கு ஓடினோம். நோயில்லாத நான்தான் ரொம்ப ஓடினேன். மதியத்துக்கு மேல் பாறையில் வந்து விழுந்தபோது, உடம்பு கழுவிக் கவிழ்த்த குடம் மாதிரி இருந்தது. "ஏத்தா, நோவு அவுகளுக்கா நமக்கா?" என்று மதினி படுத்துக்கொண்டே கேட்டாள்.

சாயங்காலம் எங்கள் வீட்டுக்காரர் அடுப்பு மூட்டினார். அவர் அடுப்பு மூட்டி நான் பார்த்ததே இல்லை. ஊதி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்து, தலைமுடியில் சாம்பல் படிந்து, ஒரு வழியாகச் சாமைக்கஞ்சி காய்ச்சினார். அடி பிடித்திருந்தது, மேலே வேகவில்லை. அதை எப்படிச் செய்தார் என்று இன்று வரைக்கும் எனக்குப் புரியவில்லை. கொட்டாங்கச்சியில் ஊற்றி என் முன்னால் வைத்தார். நான் ஒரு வாய் குடித்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?"

ஏழு வருஷத்தில் நான் ஒரு தடவைகூட அவரிடம் கேட்கத் துணியாத கேள்வி அது.

"நல்லாருக்கு" என்றேன். பொய்தான். ஆனால் அப்படிச் சொன்னதும் அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது.

நோயாளிகளுக்கென்று இருந்தது ஒரே மண்சட்டி. ஒருநாள் இவர் காய்ச்சினால் மறுநாள் ராவுத்தர். அவர் காய்ச்சியதை நாங்கள் குடித்தோம், இவர் காய்ச்சியதை அவர்கள் குடித்தார்கள். ஊரில் தெரிந்தால் இரண்டு பக்கத்திலும் கூட்டம் கூட்டிக் கேட்டிருப்பார்கள். கஞ்சியில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லாததால் யாரிடமும் சொல்லவில்லை. ராவுத்தர் ஓடைக்கரைப் பாறையில் துணியை விரித்துத் தொழுதுவிட்டு வந்து கீரை ஆய்வார். இவர் கிழங்கு தோண்டப் போவார்.

நானும் மதினியும் பாறைமேல் உட்கார்ந்திருந்தோம். முதல் இரண்டு நாள் எனக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. விடிந்ததும் எழுந்து கை தானாகச் சாணிவாளியைத் தேடும். மூன்றாம் நாளில் பழகிவிட்டது. நாலாம் நாள் வெயில் ஏறும்வரை தூங்கினேன். பாறையிலிருந்து பார்த்தால் கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். வயலெல்லாம் பச்சைக் கட்டம் கட்டமாக, நடுவில் ஆறு, அந்தப் பக்கம் கோம்பை மலை. எங்கள் ஊர்த் தென்னைமரங்கள் ஒரு கைப்பிடி அருகம்புல் மாதிரி இருந்தன. இவர் குரல் அடுத்த தெருவுக்குக் கேட்கிறது என்று நான் வெட்கப்பட்ட ஊர் அவ்வளவுதான் இருந்தது.

மதினி கதை கதையாகச் சொல்லுவாள். கீழே இரண்டு ஆண்களும் கல்லில் வைத்து மருந்து இடிப்பார்கள். "அண்ணே, இன்னும் நைசா இடிக்கணுமாம்" என்று நான் மேலேயிருந்து சொல்லுவேன். வைத்தியன் அப்படி ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான்.

செடி எடுப்பது தினமும் காலையில். நோயாளி முன்னால் உட்கார வேண்டும், கூட வந்த ஆள் பின்னால் நிற்க வேண்டும். எங்களுக்குக் காட்டியது முழங்கால் உயரச் செடி, நுனியில் பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. அதன் பேரை எவ்வளவு கேட்டும் வைத்தியன் சொல்லவில்லை.

"எடுக்கிறதுக்கு முன்ன அதுகிட்டக் கேளு" என்றான்.

"என்னத்தக் கேக்க?" என்றார் இவர்.

"யாருக்கு, என்ன நோவுன்னு சொல்லு. சொல்லாம எடுத்தா அதுக்கு எப்படித் தெரியும்?"

செடியிடம் பேச இவருக்கு வெட்கம். அதுவும் நான் பின்னால் நிற்கும்போது. முதல் நாள் "வயித்துவலி" என்று ஒரே சொல் சொல்லிவிட்டுப் பிடுங்கப் போனார். வைத்தியன் கையைத் தடுத்தான். "இன்னும் கொஞ்சம் சொல்லு." மறுநாள் எங்கே எரிகிறது, எப்போது எரிகிறது என்று சொன்னார். அடுத்த நாள், என்ன தின்றால் எரிகிறது என்று ஒப்புக்கொண்டார். வீட்டில் அந்தக் கணக்கை நான் சொன்னபோதெல்லாம் இல்லை என்று சாதித்தவர்.

ஐந்தாம் நாள் செடிமுன் உட்கார்ந்தவர் முதலில் அதைச் சுற்றிக் கிடந்த சருகையெல்லாம் ஒதுக்கினார். பிறகு தாழ்ந்த குரலில், "எங்கப்பனுக்கும் இதே நோவுதான். முப்பத்துநாலு வயசுல போயிட்டாக. எனக்கு வர்ற ஐப்பசிக்கு முப்பத்துநாலு. பொம்பளப் பிள்ளைக ரெண்டும் சிறுசு. ஒவ்வொரு தடவ எரியறப்பவும் இதுதான் கடைசியோன்னு இருக்கு. வீட்டுல சொன்னாப் பயந்துக்கிடும்னு சொல்லல" என்றார்.

வீட்டுல என்றது என்னை. நான் ஒரு முழம் தள்ளிப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஏழு வருஷமாக உப்புக்கும் உறைப்புக்கும் கத்துகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். குனிந்து அவர் கையிலிருந்த கழியை வாங்கி நான் தோண்டப் போனேன். வைத்தியன் தலையை ஆட்டினான். திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்று செடியை அவர் வேர் அறாமல் முழுசாக எடுத்தார். திரும்பும்போது அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால். ஓடையைத் தாண்டும்போது மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஓடையில் கணுக்கால் தண்ணீர்தான்.

அன்றோடு ஆள் மாறிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஏழாம் நாள் மதியம் நடந்தது வேறு.

இவர் கஞ்சிச் சட்டியைக் கழுவிக்கொண்டு குடிசைப் பக்கம் வந்திருக்கிறார். அங்கே வைத்தியனும் அவன் பெண்சாதியும் பிள்ளைகளும் சுட்ட கிழங்கைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் ஒரு இலையிலிருந்து கல்லுப்பை எடுத்து, நொறுக்கி, கிழங்கின்மேல் தூவினாள். ஒரு பிள்ளை உப்பை மட்டும் தனியாக நக்கிக்கொண்டிருந்தது. இவர் கழுத்து வேக, தலையில் சுமந்து வந்த அதே உப்பு. ஏழு நாளாக நாக்கு செத்துக் கிடந்தவருக்கு அதைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

"ஏலே, எனக்குப் பத்தியம்னு சொல்லிட்டு நீங்க எல்லாரும் என் உப்பையா திங்கிறீக?" என்று ஒரு கத்து கத்தினார். பாறையில் மோதி அந்தச் சத்தம் இரண்டு தரம் திரும்பி வந்தது. நிற்கவில்லை. வேரைக் கொடுத்து வயிற்றைக் கலக்கியது, ஆம்பளையை அடுப்பூத வைத்தது, நீ என்று கூப்பிட்டது, எல்லாவற்றையும் சேர்த்துக் கத்தினார்.

நாங்கள் பாறையிலிருந்து இறங்கி ஓடி வந்தோம். சண்டை மூளப்போகிறது என்றுதான் நினைத்தேன். வைத்தியன் முகத்தில் கோபமே இல்லை. கிழங்கைக் கீழே வைத்தான், எழுந்தான், சின்னப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு காட்டுக்குள் நடந்தான். பின்னால் பெண்சாதி. பக்கத்துக் குடிசையில் நார் திரித்துக்கொண்டிருந்தவர் திரிப்பதை விட்டுவிட்டுப் போனார். கிழவிகள், பிள்ளைகள், இரண்டு நாய்கள் உட்பட எல்லாரும் போய்விட்டார்கள். ஓடவில்லை, ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் பளியங்குடியில் நாங்கள் நாலு பேர்தான் நின்றோம்.

இவர் பாதி வார்த்தையில் நிறுத்தினார். கேட்க ஆளில்லாமல் எப்படிக் கத்துவது?

"இதுக்குத்தான் முதல்லயே சொன்னான்" என்றார் ராவுத்தர். "சத்தம் போட்டா இவுக இருக்க மாட்டாக மாப்ளே. போன வருஷம் காட்டுக் காவக்காரன் ஒருத்தன் வந்து சத்தம் போட்டான். நாலு நாள் ஆளக் காணோம்."

"இப்ப என்ன செய்ய?"

"எட்டாம் நாள் மருந்துக்கு இன்னொரு செடி காட்டணும். அவன் வந்தாத்தான் உண்டு." ராவுத்தர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கு மிச்சமிருந்த பாதித் தலைவலி தீராமலே தங்கிவிடுமோ என்ற கவலை.

இவர் அவர்களைத் தேடிப் போனார். காட்டில் ஆளைத் தேடுவதென்றால் கூவித்தான் கூப்பிட வேண்டும். கூவினால் இன்னும் தூரம் போய்விடுவார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டு சாயங்காலம் வரை நடந்துவிட்டு வந்தார். முள் கிழித்திருந்தது. "ஒருத்தரையும் காணோம் புள்ள" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. மதினி அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாள்.

மறுநாளும் யாரும் வரவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் இவர் தானாகவே எழுந்து போய், அவர்கள் குடிசை வாசலையெல்லாம் கூட்டினார். விட்டுப் போன கிழங்கை எறும்பு அண்டாமல் உறியில் ஏற்றினார். சிந்திக் கிடந்த உப்பை மண் ஒட்டாமல் பொறுக்கி இலையில் கட்டி உள்ளே வைத்தார். ஒரு கல்லைக்கூட வாயில் போடவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் பெரிய சட்டியில் எல்லாருக்குமாகக் கஞ்சி காய்ச்சினார். ஒன்பது நாளில் கை பழகிவிட்டது. அன்றைக்கு அடி பிடிக்கவில்லை.

மதியம் போல நாய்கள் முதலில் வந்தன. பின்னால் வைத்தியன், தோளில் ஒரு தேனடையோடு. ஏதோ பக்கத்து வீட்டுக்குப் போய் வந்தவன் போல வந்து உட்கார்ந்தான். இவர் கஞ்சியை ஊற்றிக் கொடுத்தார். வாங்கிக் குடித்தான். எங்கே போனாய் என்று இவர் கேட்கவில்லை, ஏன் கத்தினாய் என்று அவனும் கேட்கவில்லை.

"நாளைக்கு வேற செடி" என்றான். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நாட்கள் ஓடிவிட்டன. அந்தி நேரத்தில் வைத்தியனின் பெண்சாதி மருந்தின்மேல் பாட்டுப் படிப்பாள். பளிச்சியம்மனுக்குப் பாடுகிறாள் என்றார்கள். மலையிலிருக்கிற ஓடைகள், பாறைகள், மரங்கள் பேரையெல்லாம் வரிசையாகக் கூப்பிடுவது மாதிரி இருக்கும். ராகம் ஏறாது, இறங்காது, தாலாட்டுக்கும் முனகலுக்கும் நடுவில் போய்க்கொண்டே இருக்கும். சில சாயங்காலங்களில் அவள் உடம்பு நடுங்கிச் சாமி வரும். அப்போது ஒவ்வொருவராகப் பார்த்து ஏதாவது சொல்லுவாள்.

பன்னிரண்டாம் நாள் அவள் பாடிக்கொண்டிருந்தபோது எனக்குக் காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. அடக்கினேன். அடங்கவில்லை. வயிற்றிலிருந்து குமிழி குமிழியாகக் கிளம்பியது. மதினி என் தொடையைக் கிள்ளினாள், கிள்ளியவளுக்கும் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து கண்ணீர் வழியச் சிரித்தோம். சாமி குத்தம் ஆகிவிடுமே என்று இவர் வெலவெலத்துப் போனார். பாடுகிறவள் நிறுத்தவில்லை. எங்கள் பக்கம் திரும்பி அவளும் சிரித்துக்கொண்டே பாடினாள். வைத்தியன் இவரிடம், "உன் நோவு இறங்குது. அது வழியாப் போகுது" என்று என்னைக் காட்டினான். அது எப்படியென்று எனக்குத் தெரியாது. ராத்திரிக்குள் என் விலாவெல்லாம் வலித்தது, உடம்பு பஞ்சாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன் ஆற்றில் தோழிகளோடு குளித்தபோது சிரித்தது, அப்புறம் அன்றைக்குத்தான்.

பதினாறாம் நாள் இறங்கினோம். சுருளிப்பட்டியில் என் ஆத்தா சுடுசோறும் ரசமும் போட்டாள். ஒரு வாய் வைத்ததும் நாலு பேருக்கும் நாக்கில் உப்பு சுரீரென்று பிடித்தது. இவர் சோற்றைப் பிசைந்தபடி, "கொஞ்சம் உப்பு தூக்கலா இருக்கு அத்தே. பரவாயில்ல, ருசியாத்தான் இருக்கு" என்றார். என் ஆத்தா பரிமாறிய கரண்டியோடு என்னைப் பார்த்தாள். மருமகன் உடம்புக்கு ரொம்ப முடியவில்லையோ என்று அடுப்படிக்குள் என்னை இழுத்துக் கேட்டாள்.

வயிறு தேவலையாகிவிட்டது. அடியோடு போகவில்லை, காற்றடி காலத்தில் எப்போதாவது எரியும். கம்பத்து டாக்டரிடம் போய் நடந்ததையெல்லாம் சொன்னார். டாக்டர் வாய்விட்டுச் சிரித்து, "நான் விடச் சொன்ன நாலையும் பதினைந்து நாள் விட்டிருக்கிறீர்கள். அந்தச் செடிக்கும் என் பொடிக்கும் சண்டை வேண்டாம், இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். இவர் பொடியையும் தின்றார், மலையிலிருந்து கொண்டுவந்த வேரையும் காய்ச்சிக் குடித்தார். எது கேட்டதோ. ஐப்பசி வந்து முப்பத்துநாலு ஆகி, அடுத்த ஐப்பசியில் முப்பத்தைந்தும் ஆனபோது அவர் யாரிடமும் சொல்லாமல் சுருளிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தார். எனக்கு மட்டும் எதற்கென்று தெரியும். எழுபது வயசு தாண்டி இருந்தார். கோபம் வந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோப்புக்குப் போய்விடுவார். மரம் ஏறுகிறவர்கள் பாவம், அங்கே கொஞ்சம் வாங்கியிருப்பார்கள். ராவுத்தரின் தலைவலியும் போனது. மதினி நாலு சுற்று இளைத்து, ஆறு மாதத்தில் ஐந்து சுற்றுப் பெருத்தாள்.

நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஆம்பளை அடுப்பூதிக் கஞ்சி காய்ச்ச, பதினைந்து நாள் பாறையில் கால் நீட்டி உட்கார்ந்த கதையை என் ஓரகத்தியிடம் சொன்னேன். அவள் இன்னொருத்தியிடம் சொன்னாள். அந்த வருஷம் எங்கள் தெரு ஆம்பளைகளுக்கு இல்லாத நோயெல்லாம் வந்தது. நன்றாக உழுதுகொண்டிருந்தவரை அவர் பெண்சாதி, "ராத்திரி இருமுறீக, எனக்குப் பயமா இருக்கு" என்று மூட்டை கட்ட வைத்தாள். வைகாசியில் ஒரே நேரத்தில் ஐந்து குடும்பம் உப்போடு மலையேறியது.

போனவர்கள் மறுநாளே திரும்பிவிட்டார்கள். பாறையடியில் குடிசை இல்லை, அடுப்புக்கல் மட்டும் இருந்ததாம். கூட்டம் வருகிறது என்று தெரிந்து இன்னும் மேலே போய்விட்டிருப்பார்கள் என்று ராவுத்தர் சொன்னார். ஓரகத்தி என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

ஆனி மாதம் சுருளிப்பட்டிக்குப் போயிருந்தபோது வைத்தியனின் பெண்சாதியைப் பார்த்தேன். கடைக்கு எதிரே மூங்கில் குழாயில் தேன் வைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். என் இளைய மகள் கையில் தேனடையில் ஒரு துண்டு பிய்த்து வைத்தாள்.

"இப்ப எங்கன இருக்கீக?" என்று கேட்டேன்.

"அங்கன" என்று முகவாயைத் தூக்கி மலையைக் காட்டினாள். அவள் காட்டியது மலை முழுவதையும்தான். "உன் ஆளு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்காக. போன வாரம் புட்டு அவிச்சுக் கொடுத்தாக."

"வெந்துச்சா?"

"நடுவுல வேகல."

இரண்டு பேரும் அந்தக் கடைவாசலிலேயே நின்று சிரித்தோம். கடைக்காரர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் அவரிடம் ஒரு மூட்டை கல்லுப்பு போடச் சொன்னேன்.